மின்கலத்தின் ஆயுளும் தீவின் சிக்கனமும்

(மரைன் ஹில்லில் மாணவர்களிடையேயும் அரசு அலுவலர்களிடையேயும் நிகழ்த்தப்பட்ட உரையின் வடிவம்)

போர்ட் பிளேயர் நகரம் 2024 ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரில் கடலை நோக்கி அமைந்த மரைன் ஹில் குன்றில் வாழ்வோருக்குக் கப்பலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பயன்படும் பொருள்களுள் பெரும்பாலானவை சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கடல் கடந்து வருபவை. சென்னையிலிருந்து தூரம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். மின்சாரத்தின் பெரும்பகுதியை உற்பத்தி செய்யும் டீசலும் கப்பலில்தான் வருகிறது. ஆகவே, ஒரு பொருள் இரண்டாண்டு உழைப்பதா, நான்காண்டு உழைப்பதா என்பது இங்கு வெறும் வீட்டுக் கணக்கு அன்று; அது தீவின் பொருளாதாரக் கணக்கும் ஆகும்.

சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன்பின் கைபேசியும் மடிக்கணினியும் கல்விக்கும் நிருவாகத்துக்கும் இன்றியமையாத கருவிகளாகிவிட்டன. இக்கருவிகளில் முதலில் தேய்வது பெரும்பாலும் மின்கலமே. மின்கலம் தளர்ந்ததும், நன்றாக இயங்கும் கருவியையே ஒதுக்கிவிடுவோர் பலர்.

முதுமைக்குக் காரணம்

இக்கருவிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991 இல் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் வளர்ச்சிக்கு வித்திட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மின்கலம் இருவகையில் முதுமையடைகிறது. ஒன்று, மின்னேற்றமும் மின்னிறக்கமும் மாறி மாறி நிகழ்வதால் வரும் தேய்வு. மற்றொன்று, பயன்படுத்தாவிடினும் காலப்போக்கில் வரும் தேய்வு. இவ்விரண்டாவது தேய்வை விரைவுபடுத்துபவை வெப்பமும் நிறைந்த மின்னேற்றமும் ஆகும். வழக்கமான வகை மின்கலம் முழுதும் நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட் அளவை எட்டுகிறது. அந்த உயர் அழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைகிறது. எதிர்மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் தடித்து, பயன்படக்கூடிய லித்தியத்தை விழுங்குகிறது. சிதைவில் தோன்றும் வாயுவால் மின்கலம் உப்பிவிடுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தீவுகளில் இக்கேடு விரைந்து நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவேதான், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டளவில் நிறுத்தும் வசதியை உற்பத்தியாளர்கள் அளிக்கத் தொடங்கினர். மடிக்கணினிகள் பலவற்றில் இவ்வசதி நெடுநாளாகவே உண்டு. 2023 இல் வெளிவந்த ஐபோன் 15 வகையிலும் இது இடம்பெற்றது.

இங்கு ஒரு பழைய பழக்கத்தைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள ஈய அமில மின்கலம் இதற்கு நேர் எதிரானது. அதனைக் குறை மின்னேற்றத்தில் நெடுநாள் விட்டுவைத்தால் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டுவிடும். அதற்கு நிறைவே நன்மை. லித்தியம் மின்கலத்துக்கு அளவே நன்மை.

இழப்பா, சேமிப்பா?

பொருளியல் பயிலும் மாணவர் ஒரு வினா எழுப்பலாம். நாளை 20 விழுக்காடு கொள்ளளவு குறைந்துவிடும் என்பதற்காக, இன்றே 20 விழுக்காட்டை விட்டுக்கொடுப்பது எவ்வகையில் இலாபம்? இது நியாயமான வினா. இதற்கான விடை கருவியைப் பொறுத்தது அன்று. அது பயன்படும் இடத்தைப் பொறுத்தது.

அலுவலக மேசைமீது நாள் முழுவதும் மின் இணைப்பிலேயே இருக்கும் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலத்தில் கடைசி 20 விழுக்காடு ஒருநாளும் பயன்படுவதில்லை. பயன்படாத ஒன்றை விட்டுக்கொடுப்பதால் இழப்பு ஏதுமில்லை. நன்மையோ முழுமையாகக் கிடைக்கிறது. மாலைவரை கைபேசியில் பாதி மின்னேற்றம் எஞ்சியிருக்கும் நகரவாசியின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஆனால், கார் நிக்கோபாருக்குக் கப்பலேறும் அலுவலருக்கு நிலைமை வேறு. புயல் எச்சரிக்கை வந்த நாளில் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிபவருக்கும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது தீவுகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திலர். அத்தகைய வேளையில் குறைந்துபோன 20 விழுக்காட்டின் மதிப்பை எந்தத் தேய்மானக் கணக்காலும் ஈடுசெய்ய இயலாது. எப்போதாவது ஒருமுறை முழுதும் ஏற்றுவதால் மின்கலம் கெட்டுவிடாது. நிரம்பிய நிலையிலேயே வெப்பத்தில் நெடுநேரம் கிடப்பதுதான் கேடு. ஆதலின், அன்றாடம் 80, பயணத்துக்கும் பேரிடருக்கும் 100 என்பதே தீவுகளுக்கு ஏற்ற விதி எனலாம். எல்லோர்க்கும் ஒரே ஆணை என்பது இங்குப் பொருந்தாது.

கழிவின் கணக்கு

மின்கலத்தின் பயணம் வாங்குவதோடு முடிவதில்லை. லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக விமானத்தில் அனுப்பும்போது அவற்றின் மின்னேற்றம் 30 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்ற பன்னாட்டு விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. உப்பியவற்றையும் பழுதுற்றவற்றையும் விமானத்தில் ஏற்றுவதற்கு இடமில்லை. ஆகவே, தீவில் பழுதாகும் ஒவ்வொரு மின்கலமும் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும். முறையாகத் திரட்டப்படாவிடின் அது மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும், தீவிபத்துக்கும் வழிவகுக்கும். 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. அது வரவேற்கத்தக்கதே. எனினும், கழிவாகும் நாளைத் தள்ளிப்போடுவது கழிவைத் திரட்டுவதினும் எளிது.

செய்யத்தக்கவை

இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அலுவலகங்களில் மேசைமீதே இருக்கும் மடிக்கணினிகளில் 80 விழுக்காட்டு வரம்பை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். பள்ளி விடுமுறையில் அலமாரியில் பூட்டிவைக்கப்படும் கருவிகளை ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில் அணைத்துவைத்தல் வேண்டும். முழுதும் நிரப்பியோ, முற்றிலும் வடியவிட்டோ வைத்தலாகாது. தலையணைக்கடியிலும் வெயில் படும் வாகனத்திலும் மின்னேற்றம் செய்வதைத் தவிர்த்தல் நன்று. வரம்பு வைத்த கருவியில் அளவுகாட்டி பிழைபடாதிருக்க, இடையிடையே ஒருமுறை முழுதும் ஏற்றலாம். உப்பிய மின்கலத்தை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கி, தகுந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்துடன் 8 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலச் சேமிப்பு 2020 இல் அமைக்கப்பட்டது. டீசலைக் குறைக்கும் முயற்சியில் இத்தகைய சேமிப்புக்குப் பெரும் பங்குண்டு. மின்னேற்ற அளவையும் வெப்பத்தையும் கண்காணித்து இயக்குவதே இத்தகைய நிலையங்களின் ஆயுளைக் காக்கும் வழி. பெரிய நிலையத்தில் பொறியாளர் கைக்கொள்ளும் அந்த ஒழுங்கைக் குடிமகன் தன் கையிலுள்ள சிறிய கருவியிலும் கைக்கொள்ள இயலும். கப்பல் கொண்டுவரும் ஒவ்வொரு பொருளையும் அதன் முழு ஆயுள்வரை பயன்கொள்வதே தீவுக்கு உகந்த சிக்கனமாகும்.