அலமாரிக்குள் ஒரு நாய்

"பள்ளி விடுமுறையில் ஒரு நாள்" என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் பலர் என்ன எழுதுவார்கள்? கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் கீச்சிடும், அப்பா காரை ஓட்ட, குடும்பமே கடற்கரைக்குப் போகும். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்த பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தேர்வு அதைத்தான் கேட்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் பிள்ளை எங்கே இருக்கிறது?

மனப்பாடம் கைகொடுக்காத இடத்தில்தான் சொந்த எழுத்து தொடங்குகிறது. அதற்கு ஒரு வழி, தொடர்பில்லாத சொற்களைக் குலுக்கி எடுத்துக் கொடுப்பது. இத்தாலிய சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரி, இளமையில் ஆசிரியராகவும் இருந்தவர், 1973இல் வெளிவந்த 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலில் இதை விளக்கினார். ஒரு மாணவர் கரும்பலகையின் முன்புறம் ஒரு சொல் எழுத வேண்டும். இன்னொருவர் பின்புறம் ஒன்று. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் 'நாய்', மறுபக்கம் 'அலமாரி'. நாயும் குதிரையும் வந்தால் பயனில்லை என்பார் அவர். இரண்டும் விலங்கு, மனம் வேலை செய்யாது.

தமிழில் இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அலமாரியில் நாய். நாய்க்கு அலமாரி. அலமாரியோடு தெருவில் போகும் நாய். எங்கே போகிறது? உள்ளே யாருடைய துணி? 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்துவிட்டு மறந்த வேற்றுமை உருபு ஒவ்வொன்றும் ஒரு கதைக்குக் கதவு திறக்கிறது!

இது நமக்குப் புதிதுமல்ல. 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடித்து முருகனைப் பாடச் சொன்னார்களாம், காளமேகப் புலவரை. அவர் தயங்கவில்லை. செருப்புக்குள் 'செரு' என்ற போரைக் கண்டார். விளக்குமாற்றை, 'விளக்கிச் சொல்' என்று வண்டிடம் கேட்பதாக மாற்றிவிட்டார். மட்டம் தட்டக் கொடுத்த சொற்களே பாட்டுக்கு வழிவிட்டன.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரப் பிள்ளை அதே பழைய கடற்கரையில் ஒரு நாயையும் அலமாரியையும் கொண்டுபோய் வைத்துவிடும்! முதல் வாக்கியத்திலேயே இரண்டும் மோத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணும் போடாதீர்கள், சிவப்பு மையைக் கண்டதும் பொற்கதிர்கள் திரும்பி வந்துவிடும்.

வீட்டில் பழைய மைலோ டின் ஒன்று இருந்தால் போதும். இந்த நாளிதழிலிருந்தே சொற்றொடர்களை வெட்டிப் போடுங்கள். வானிலைப் பகுதியிலிருந்து 'மாலையில் இடியுடன் மழை'. விளம்பரத்திலிருந்து 'வீடு வாடகைக்கு'. மழைக்கு வீடு வாடகைக்கு விட்டது யார்? பத்து நிமிடம் எழுதட்டும். அதற்கு முன் அம்மாவோ அப்பாவோ ஒன்றை எடுத்து எழுதிக் காட்டுங்கள். பிடிக்காத சீட்டு வந்தால் மாற்றிக்கொள்ள அனுமதி கிடையாது.