கடலில் கிடைத்த எண்ணெய்: மாலை யாருக்கு?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இதோ மேடையிலே பரிசுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளை எழுந்து வரும். நாம் கை தட்டுவோம். கூப்பிடுவது ஒரு பெயர். அந்த ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை பெயர்கள்? அதைப் பற்றித்தான் ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை என்றாலும் நடந்த கதை.

1974-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பம்பாய்க் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலிலே இந்தியா எண்ணெய் கண்டது. ‘பம்பாய் ஹை’ என்று பெயர்; இன்று ‘மும்பை ஹை’ என்கிறார்கள். இந்தியாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் அதுதான். நேரத்தைப் பாருங்கள்! 1973-இல் அரபு நாட்டுப் போர் மூண்டு, சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. பசித்தவன் வீட்டு வாசலில் சோற்றுப் பானையை வைத்தது போல இருந்தது. 1976 மே மாதம் உற்பத்தியும் தொடங்கிவிட்டது.

சரி, இதைக் கண்டுபிடித்தது யார்? மாலையை யார் கழுத்தில் போடுவது?

முதலில் ஒரு கப்பல் வருகிறது. 1964-ஆம் ஆண்டிலிருந்து சோவியத் நாட்டாரும் இந்தியரும் சேர்ந்து ‘அகாடமிக் ஆர்க்காங்கெல்ஸ்கி’ என்ற ஆய்வுக் கப்பலில் காம்பே வளைகுடாப் பக்கம் அலைந்தார்கள். நீருக்குள் ஓசையை எழுப்பி, அது கீழே பாறையில் பட்டுத் திரும்புவதை அளந்தார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா காயா என்று நம் ஆத்தா சொல்லுவாங்களே, அதே வித்தைதான்! கடலடியில் பாறை மேடு கட்டியிருப்பதை அப்படித்தான் கண்டார்கள். அந்தப் பாறை என்ன தெரியுமா? சுண்ணாம்புப் பாறை. சிம்பாங் பூலாயைச் சுற்றி நிற்கிறதே, அந்த மலைகளின் இனம்தான். நம் மலை அதைவிட மிகப் பழையது. பாறையிலுள்ள சின்னச் சின்னத் துளைகளில் எண்ணெய் தங்கியிருந்தது.

அப்படியானால் மாலை அந்தக் கப்பலுக்கா? பொறுங்கள். இடம் தெரிந்தும் துளைக்க வழியில்லை. அவ்வளவு தூரத்தில், சுமார் 75 மீட்டர் ஆழக் கடலில் நின்று துளைக்கும் கலம் அன்று இந்தியாவிடம் இல்லை. ஜப்பானில் கட்டிய ‘சாகர் சாம்ராட்’ 1973-இல் வந்த பிறகுதான் வேலை நடந்தது. கால்களைக் கடலடியில் ஊன்றி, உடம்பை அலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் கலம் அது. அதன் படத்தை இந்திய ஒரு ரூபாய் நோட்டிலே போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கட்சிக்காரர் வந்து, “எல்லாத்துக்கும் மூலம் கேசவ தேவ் மாளவியாதான்” என்பார். அதுவும் நியாயமே. 1956-இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையத்தை அமைப்பதற்கு முன்னின்றவர் அவர். ஆனால் அவர் 1963-இல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்தக் கப்பல் வேலை தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

நடுவிலே ஒரு தோல்வியும் உண்டு. 1970-இல், இதே காம்பே வளைகுடாவில் அலியாபேட் என்ற இடத்தில், பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரே வந்து கடல் துளைப்பைத் தொடங்கி வைத்தார். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. “போதும்டா சாமி, வீட்டுக்குப் போகலாம்” என்று அன்றைக்கு விட்டிருந்தால் 1974 வந்திருக்குமா?

நம் நாட்டுக்கும் வருவோம். சரவாக்கின் மீரியில் 1910 டிசம்பரில் குன்றின்மேல் முதல் கிணறு எண்ணெய் கொடுத்தது. தோண்ட வந்த கனடாக்காரரை வைத்து அதற்குக் கனடா குன்று என்று பெயர். ஆனால் 1882-லேயே, அங்கே ஊர் மக்கள் கையால் தோண்டிய 18 எண்ணெய்க் கிணறுகள் இருப்பதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் பெயர் இருக்கிறது. தோண்டியவர் பெயர் எங்கே?

நமக்கு இது புதுசா என்ன? ரப்பரைப் பற்றிப் படித்தால் ரிட்லி துரையின் பெயர் வரும். வரட்டும், அவர் உழைப்பும் உழைப்புதான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கைத் துடைத்து, பால் வாளி சுமந்தார்களே, அந்தத் தாய்மாரின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது?

“எல்லாருக்கும் சமபங்கு” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. என் தீர்ப்பைச் சொல்லுகிறேன். முதல் மாலை, அலியாபேட்டில் ஏமாந்த பிறகும் கடலை விடாத அந்த ஆணையத்தாருக்கு. ஓசை பார்த்தவரும் துளைத்தவரும் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும். முன்னவர் இல்லாவிட்டால் பின்னவருக்கு இடம் தெரியாது. பின்னவர் இல்லாவிட்டால் முன்னவர் கண்டது வெறும் கோடு.

இன்னொரு மாலையும் உண்டு. 2005 ஜூலை 27. அதே வயலில், ‘சமுத்திர சுரக்ஷா’ என்ற கப்பலில் சமையல்காரர் ஒருவர் விரலை வெட்டிக்கொண்டார். சிகிச்சைக்காக அவரை எண்ணெய் மேடைக்கு மாற்றக் கப்பல் நெருங்கியது. கொந்தளிக்கும் கடலில் அது மேடையின் குழாயில் மோதி, எரிவாயு கசிந்து, மேடையே எரிந்து போயிற்று. 384 பேரில் 362 பேரை மீட்டார்கள். 22 பேர் திரும்பவில்லை. கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் யாராவது சமையல்காரரை நினைத்தோமா? ஆபத்து வரும்போது அவனும் அங்கேதானே இருக்கிறான்! நட்டத்தில் பங்குள்ளவனுக்குப் பேரிலும் பங்கு உண்டு. இது என் கட்சி.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிற பிள்ளை வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யணும். அந்தப் பரிசுக்குப் பின்னால் நிற்கும் மூன்று பேரின் பெயரை வாய்விட்டுச் சொல்லணும். விடியலில் எழுப்பிவிட்ட அம்மாவாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிற அக்காவாக இருக்கலாம். அவர்கள் எதிரிலேயே சொல்லுங்கள்.

பரிசு கிடைக்காத பிள்ளையே, உன்னைப் பார்த்துத்தான் கடைசியாகப் பேசுகிறேன். உனக்கு இது அலியாபேட். அடுத்த கிணறு இன்னும் தோண்டவில்லை, கண்ணு. கடப்பாரையைக் கீழே வைக்காதே!