புள்ளி தெரியுதா? தமிழுக்கு ஃபான்ட் தேர்ந்தெடுப்பது

"தமிழ்ல செரிஃப் எப்போ போடணும், சான்ஸ் செரிஃப் எப்போ போடணும்?" இதை நிறைய பேர் கேக்கறீங்க. நேரா சொல்லிடறேன், அந்தப் பிரிவு நம்ம எழுத்துக்கானதே இல்லை. செரிஃப்ங்கிறது ரோமன் எழுத்தோட கோட்டு நுனியில் வர்ற சின்னப் பாதம். நம்ம 'ழ'வுக்கு ஏது பாதம்?

நோட்டோ செரிஃப் தமிழ்னு மெனுவில் பார்க்கறீங்களே, அதுல கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். நோட்டோ சான்ஸ் தமிழ்ல கோடு கிட்டத்தட்ட ஒரே தடிமன். இதோட தூரிகை, கையெழுத்துச் சாயல் உள்ளதையும் சேர்த்தா மூணு வகை. எனக்கு இந்த மூணே போதும்.

எதை எங்கே போடறதுன்னு தெரிஞ்சுக்க தூத்துக்குடிக்கு வாங்க. திரேஸ்புரம் கரையில் நிற்கிற ஒரே படகுல ரெண்டு வகை எழுத்தைப் பார்க்கலாம். படகோட பேரை நிழல் வச்சு, வளைச்சு, அழகா எழுதியிருப்பாங்க. பதிவு எண் மட்டும் மொட்டையா இருக்கும். பேர் ஓனரோட பெருமை. எண் ரோந்து போறவங்க தூரத்திலிருந்தே வாசிக்க வேண்டியது. வ.உ.சி. துறைமுகத்துக் கன்டெய்னர்லயும் இதே கதைதான். நாலு எழுத்து, ஏழு இலக்கம், உயரம் குறைஞ்சது 100 மில்லிமீட்டர். அலங்காரம்? சுத்தமா கிடையாது.

இப்போ புள்ளி விஷயம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

இந்த முத்துக்குளித்துறையில் வேலை செய்த பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ். அவரோட 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சாச்சு. 1586-ல் 'அடியார் வரலாறு'. அதைப் புன்னைக்காயல்ல அச்சடிச்சாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த அச்செழுத்துல மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஓலைச்சுவடி வழக்கம் அப்படியே அச்சுக்கு வந்துடுச்சு. 'முத்துக்கள்'னு எழுத 'முததுககள'ன்னு போட்டா போதும், வாசிக்கிறவரே புள்ளியை மனசுல வச்சுக்குவார். அன்றைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. நமக்கு இல்லையே!

ஆனா நாம என்ன பண்றோம்? ஸ்டைலா இருக்கேன்னு மெல்லிசு ஃபான்ட் எடுத்து, சின்ன சைஸ்ல, வெளிர் சாம்பல் நிறத்துல போடறோம். புள்ளி திரும்பவும் காணாமப் போயிடுது. "கடலுக்குச் செல்ல வேண்டாம்"னு வர்ற வானிலை எச்சரிக்கையை யோசிங்க. உச்சி வெயில்ல, கீறல் விழுந்த போன்ல, ஆடுற படகுல வச்சு ஒருத்தர் அதைப் படிக்கணும். அங்கே ஒரே தடிமன் எழுத்து, மீடியம் அல்லது போல்டு. வேற பேச்சே இல்லை.

அதுக்காக எல்லாத்தையும் தடியாக்கிடாதீங்க. ரொம்பத் தடிச்சா 'ண'வோட சுழிகள் அடைச்சு 'ன' மாதிரி ஆயிடும். பலூ தம்பி டீக்கடை போர்டுக்கு அருமை, பத்து வரிப் பத்திக்கு அது பாரம். நீளமா வாசிக்கிற கதை, கட்டுரைன்னா தடிச்சு மெலியற எழுத்தைத் தாராளமா எடுங்க.

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைச்ச கட்டமரான் ஃபான்ட்ல ஒன்பது தடிமன் இருக்கு (ஆமா, பேர் நம்ம கட்டுமரம்தான்). அதை இறக்கி, 'முத்துக்கள்', 'கண்', 'கன்னம்' மூணையும் ஒன்பதுலயும் டைப் பண்ணுங்க. போஸ்டர்னா நிஜ அளவுல பிரின்ட் எடுத்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க. எந்தத் தடிமன்ல புள்ளி மறையுது, எதுல சுழி அடைக்குதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க.