உள்ளங்கையைப் பாருங்கள்



உண்ணியை எல்லோருக்கும் தெரியும். நாயின் காதில் ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிவிடும்.

நாய் உண்ணி மனிதரையும் கடிக்கும். கடித்தால் வலிக்காது. சில உண்ணிகளிடம் நோய்க் கிருமி இருக்கும். அவை கடித்தால் ஒரு வாரம் போல் கழித்துக் காய்ச்சல் வரும். டாக்டர்கள் இதை 'டிக் டைபஸ்' என்பார்கள். தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களில் இந்த நோய் உண்டு.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் உடம்பில் சிவப்புப் புள்ளிகள். "அம்மை போட்டிருக்கிறது" என்றார் பாட்டி. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். டாக்டரிடம் போகவில்லை.

கிராம நர்ஸ் வந்தார். குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் புள்ளிகள். உள்ளங்காலிலும் புள்ளிகள்.

"வீட்டில் நாய் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றார் தாய்.

அன்றே குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பினார். குழந்தை பிழைத்தது.

தட்டம்மை முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னம்மையில் நீர்க் கொப்புளம் வரும். இந்தக் காய்ச்சலில் புள்ளிகள் பெரும்பாலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கும். பிறகு உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் வரும். கறுத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கையில் தெரியும். சிலருக்குக் கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு இருக்கும். சிலருக்குப் புள்ளியே வராது.

நோய் முற்றினால் விரல் நுனியும் காது மடலும் கறுத்துப் போகலாம். உயிரும் போகலாம்.

வேப்பிலை கட்டுவது தவறல்ல. டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு. இதற்கு மருந்து இருக்கிறது. பெயர் டாக்சிசைக்ளின். குழந்தைக்கும் கொடுக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி நூலும் இதைச் சொல்கிறது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் நோய் குணமாகும்.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் விரலால் நசுக்காதீர்கள். நெருப்பு வைக்காதீர்கள். சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேரே இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாயின் உண்ணிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள்.

காய்ச்சலும் புள்ளியும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். போகும் முன் கையைத் திருப்பிப் பாருங்கள். காலைத் தூக்கிப் பாருங்கள்.

பார்க்க ஒரு நிமிடம் போதும். அது ஓர் உயிரைக் காக்கும்.