அருஞ்சொல்லின் எடை

அறிஞரின் தகுதியை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளப்பது பல்கலைக்கழக வழக்கம். கணினி மொழியியல் அறிஞர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையாரிடம் அவ்வளவுகோல் பொய்த்துப் போகிறது. அவர் எழுதியவை பல. ஆயினும் ஒரு கட்டுரையே உலகை ஆண்டது.

1935இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் மார்கரெட் மாஸ்டர்மன் நடத்திய மொழி ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். ஒருபொருள் தரும் பல சொற்களைக் கணினியே இனங்கண்டு தொகுக்கும் வழியை ஆராய்ந்தார். நிகண்டு கற்றோர் இப்பணியின் அருமையை உணர்வர். 1964இல் முடிந்த அவ்வாய்வேடு நூலாக அச்சேறியது 1986இல்தான்!

அந்தக் கட்டுரை 1972இல் வெளிவந்தது. ஆயிரம் ஏடுகளில் எதையோ தேடுகிறோம் எனக் கொள்வோம். 'ஒரு', 'அது' போன்றவை எல்லா ஏட்டிலும் கிடக்கும். அவற்றால் ஓர் ஏட்டை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. 'குறிஞ்சி' பத்து ஏடுகளில் மட்டுமே வருமாயின், தேடுவோர்க்கு அதுவே வழிகாட்டி. ஆகவே, ஒரு சொல் எத்துணைக் குறைவான ஏடுகளில் வருகிறதோ, அத்துணை மிகுதியான எடை அதற்கு உரியது என்றார். அவ்வெடையை மடக்கைக் கணக்கால் வரையறுத்தார். (சொல்லைத் தேர்ந்து பாடும் கவிஞர்க்கு இக்கருத்து புதிதன்று, கணக்கே புதிது.) தேடுபொறிகள் பலவற்றுக்கு அது பின்னர் அடிப்படையாயிற்று.

இத்தகையவர் நெடுங்காலம் குறுகிய கால ஆய்வுநிதியை நம்பியே பணியாற்றினார் என்பது கேம்பிரிட்ஜுக்குப் பெருமையன்று. 1994இல் கணினி மொழியியல் கழகத்தின் தலைவரானவருக்குப் பேராசிரியர் பதவி 1999இல்தான் கிட்டியது; 2002இல் ஓய்வு பெற்றார். 2007 ஏப்ரலில் மறைந்தார். தகவல் மீட்பு பயிலும் மாணவர் இன்றும் தொடக்கத்திலேயே அவருடைய சூத்திரத்தைக் கற்கின்றனர்.