குதிரை காப்பவரின் கூலி



மே தினத்தை முன்னிட்டு இன்று மாலை திருவல்லிக்கேணியில் கூடியிருக்கிறோம். இந்த மேடையிலிருந்து நடந்து போய்விடக்கூடிய கடற்கரையில்தான், 1923ஆம் ஆண்டு, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதே கடற்கரையில்தான், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, நால்வர் கூடிப் பாறையை நெம்பும் கோலத்தில், 1959 முதல் நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சிலையையொட்டிய மணலில் மாலைதோறும் குதிரைகள் நடக்கின்றன. குதிரையின் மிடுக்கைப் பார்க்கிறோம். அதன் மேல் அமர்ந்த குழந்தையின் சிரிப்பைப் பார்க்கிறோம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் பக்கத்தில் நடக்கும் மனிதரை மாத்திரம் நாம் பார்ப்பதில்லை. அவரைப் பற்றியும், எந்த லாயத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், அழைத்த இடத்துக்குச் சென்று, நாள் கணக்கிலும் வேளைக் கணக்கிலும் பிறர் குதிரைகளைப் பேணிவிட்டு வரும் அவருடைய தோழர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவே நான் இங்கே நிற்கிறேன்.

குதிரைக்குக் கொடுக்கும் விலைக்கும் குதிரையைக் காப்பவருக்குக் கொடுக்கும் கூலிக்கும் இடையே உள்ள தாரதம்மியம் இந்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையில் வந்திறங்கிய வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, கடல் கடந்து கப்பல் கப்பலாக வந்த குதிரைகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மன்னர் ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் பொன் கொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் 100கூட எஞ்சவில்லை என்றும், குதிரையைப் பேணும் முறை அறிந்தவரும் லாடம் கட்டத் தெரிந்தவரும் இங்கே இல்லாமையே அதற்குக் காரணம் என்றும், அப்படிப்பட்டவர்கள் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்துவந்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அந்நியர் எழுதிய கணக்கில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் அந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் உண்மையில் மிகை இல்லை. பொன்னைக் கொட்டினால் குதிரை வந்துவிடும். அதன் ஆயுள் வரவேண்டுமானால் அதை அறிந்த மனிதரின் கை வந்தாக வேண்டும்.

அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். விடியுமுன் லாயத்துக்குள் நுழைகிற குதிரைக்காரர் முதலில் துடைப்பத்தை எடுப்பதில்லை. இரவு வைத்த தீனியில் மிச்சம் இருக்கிறதா, சாணம் வழக்கம்போல் விழுந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருக்கும் இரைப்பை மிகச் சிறியதாதலால், கொள்ளையும் புல்லையும் ஒரே வேளையில் குவித்துவிடாமல் பகுத்துப் பகுத்து வைக்கிறார். குளம்பைத் தூக்கிக் கல்லும் மண்ணும் எடுக்கிறார். நான்கு கால்களையும் தடவி, ஒன்று மற்றவற்றைவிடச் சுடுகிறதா என்று உள்ளங்கையால் அறிகிறார். சேணம் உரசிய இடத்தில் புண் எழுகிறதா என்று நோக்குகிறார். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டிய நாளை நினைவில் வைத்திருக்கிறார். பேசத் தெரியாத ஒரு ஜீவனின் பாஷையை அப்பியாசத்தால் கற்றுக்கொண்ட இந்த மனிதரைக் 'கூலியாள்' என்று ஒரே சொல்லில் நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

நான் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். மார்கழி மாதத்து இரவொன்றில், எனக்குத் தெரிந்த ஒருவருடைய குதிரைக்கு வயிற்று வலி கண்டது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகையால் நமக்கு அஜீரணமாகக் கழிந்துவிடுகிற ஒன்று, அதற்குச் சில மணி நேரத்தில் மரணமாக முடிந்துவிடக்கூடும். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும் முன்னங்காலால் தரையைக் கீறுவதையும் முதலில் கவனித்தவர், அன்று ஒருநாள் வேலைக்காக மட்டும் வந்திருந்த குதிரைக்காரர். அவர் வீட்டுக்குப் போகவில்லை. டாக்டர் வரும்வரை அது விழுந்து புரண்டுவிடாதபடி கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்து போன பிறகும் விடியும்வரை அதன் அருகிலேயே நின்றார். குதிரை பிழைத்தது. காலையில் டாக்டருக்குரிய பணம், ஒரு கேள்வியும் இல்லாமல், முழுமையாகப் போயிற்று. இரவெல்லாம் விழித்தவர் கையில், மடித்த ஒரு சிறிய நோட்டு, 'டீச் செலவுக்கு' என்ற சொல்லோடு வைக்கப்பட்டது. கொடுத்தவர் கொடியவர் அல்லர். இந்த விழிப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும். கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி சொல்கிறோம். அது குதிரைக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, வேலை என்றால் வாயைத் திறந்து அழைத்து, கூலி என்றால் வாயை மூடிக்கொள்கிற நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. சவாரிக் கூடத்துக் குதிரையாயினும், மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடித்த குதிரையாயினும், படப்பிடிப்புக்குப் போகும் குதிரையாயினும், அதைப் பேண வந்தவருக்கு அரைமணி நேர வேலைக்கு அரைமணிக் கூலிதான். அவர் இரண்டு பஸ் மாறி வந்ததும், உதைபட்டால் எலும்பு முறியும் என்பதும், அன்று அவர் வேறு வேலை ஏற்க முடியாது என்பதும் கணக்கில் வருவதில்லை. மழை பெய்தால் கடற்கரையில் சவாரி இல்லை; சவாரி இல்லாத நாளிலும் குதிரைக்குப் பசி உண்டு, குதிரைக்காரர் வீட்டு அடுப்புக்கும் பசி உண்டு. 1948லேயே குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் செய்த தேசம் நமது தேசம். ஆனால் பத்து எஜமானர்களிடம் பத்து வேளை உழைக்கிறவருக்கு, சட்டத்தின் பெயரால் யாரைப் போய்க் கேட்பது என்பதே விளங்குவதில்லை.

இன்னொரு நியாயமும் பேசப்படுகிறது. அதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. 'அவனுக்குக் குதிரை என்றால் உயிர். சும்மா அழைத்தாலும் வருவான்' என்கிறார்கள். சவாரி பழகும் ஆசையில் வரும் இளைஞர்களுக்கு, கூலிக்குப் பதிலாக ஒரு சுற்று ஏறிவரக் கொடுத்து, நாள் முழுதும் லாயத்தைக் கழுவவைத்துக்கொள்கிறார்கள். தொழிலில் ஒருவருக்கு உள்ள அபிமானம் அவருடைய கூலியைக் குறைப்பதற்கு ஒரு காரணமாகுமா? சங்கீத வித்துவானுக்குச் சங்கீதத்தின் மேல் பிரேமை இருக்கிறது என்பதற்காக நாம் சம்பாவனையைக் குறைப்பதுண்டா? அன்போடு செய்யும் வேலையே சிறந்த வேலை; சிறந்த வேலைக்கே உயர்ந்த கூலி என்பதல்லவா நியாயம்!

இந்தத் தொழில் தாழ்ந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் பார்த்தசாரதி, பாரதப் போரின் பதினான்காம் நாள், போர்க்களத்தின் நடுவிலேயே குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைக் களைந்து, உடம்பைத் தேய்த்து, தண்ணீர் காட்டியவர். மதுரைச் சொக்கர், மாணிக்கவாசகரின் பொருட்டுக் குதிரைச் சேவகராக வந்தவர். அவரே பின்னர் பிட்டு விற்ற வந்திக் கிழவிக்காக வைகைக் கரையில் மண் சுமந்தார். அந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது ஒன்று உண்டு. உதிர்ந்த பிட்டு தமக்கு என்று கூலியை முன்னதாகவே பேசி முடித்துக்கொண்டுதான் பெருமான் கூடையைத் தலையில் வைத்தார். அகில லோகத்துக்கும் நாயகர் கூலி பேசுவதை இழிவாகக் கருதவில்லை. கிழவியும் 'வேலை முடியட்டும், பார்க்கலாம்' என்று சொல்லவில்லை.

ஆதலால் நான் கேட்பது தருமம் அன்று. வந்தி காட்டிய அந்த மரியாதையையே. வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். போக்குவரத்துச் செலவைச் சேருங்கள். இரவு அழைத்தாலும் பண்டிகை நாளில் அழைத்தாலும் அதற்கென்று தனிக் கூலி கொடுங்கள். வரச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால், அவர் இழந்த வேளைக்கு ஈடு செய்யுங்கள். உங்கள் குதிரையால் காயம் பட்டால் வைத்தியச் செலவு உங்களுடையது. குதிரைக்காரர்களே, நீங்களும் ஒருவர் சொன்ன கூலியை மற்றவர் குறைத்துச் சொல்லாதபடி கூடிப் பேசி ஒரு விகிதம் வகுத்துக்கொள்ளுங்கள். நால்வர் கூடினால்தான் பாறை அசையும் என்பதை அந்தச் சிலை தினந்தோறும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெரியோர்களே! நாளை மாலை கடற்கரைக்குப் போவீர்கள். குழந்தை குதிரையேற ஆசைப்படும். சவாரிக்குக் காசு கொடுக்கும்போது, 'இதில் உமக்கு எவ்வளவு, ஐயா?' என்று கடிவாளம் பிடித்து நடப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். எழுநூறு ஆண்டுகளாக இந்நாட்டில் குதிரையின் விலையைக் கேட்டுப் பழகிய நாம், குதிரை காப்பவரின் கூலியைக் கேட்கவும் பழகிக்கொள்வோமாக.