உடல் எனும் அமானிதம்



உடல், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். பட்டினியால் மட்டும் மெலிபவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். காலையில் உக்குவளை வரை நடந்துவிட்டு, இரவில் கொத்து ரொட்டியும் மென்பானமும் உட்கொள்பவர் எரித்ததை மீண்டும் சேர்க்கிறார்.

ஆகவே மூன்றும் இணையட்டும். வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கென்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். வாரத்தில் 150 நிமிட வேகநடையும், இரு நாட்களேனும் தசையை வலுவூட்டும் பயிற்சியும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாரம் தூக்குவது அழகுக்காக மட்டுமன்று; முதுமையில் கதிரையின்றி ஸுஜூது செய்ய அத்தசையே துணைநிற்கும்.

பெற்றோர்களே! மென்பானப் போத்தல்களில் 2016 முதல் காணப்படும் சிவப்பு அடையாளம் மிகுந்த சீனிக்கான எச்சரிக்கையாகும். அதனைத் தவிர்த்து, பிள்ளைகளை மைதானத்திற்கு அனுப்புங்கள். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!